கோமதியின் சாயந்தர எண்கள்

என் கோமுவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லாததை, இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். இதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது. உன்னால் பதில் சொல்ல முடியாது என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. உன் வீட்டுக்காரர் ரவி அண்ணனூர் வீட்டிலேயே இருக்கிறார். ரயில் பணிமனையில் காலை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். தானே சமைக்கிறார். போன வாரம் போயிருந்தேன். புளிக்குழம்பு என்று ஒன்றை ஊற்றிவிட்டு, "எப்டி கீது மச்சான்?" என்றார். நல்லா இருக்கு என்றேன். "பொய் சொல்லாத. உன் தங்கச்சி இருந்தா இத செடிக்குக்கூட ஊத்த மாட்டா" என்றார். சிரித்தோம். பிறகு ரெண்டு பேரும் வெகுநேரம் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டி.வி. ஓடவில்லை.

உன் கல்லூரியில் உனக்கு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள், தெரியுமா? அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இயற்பியல் துறைக் கூடத்தில் நடந்தது. பெங்களூர் சாலையில் போகும் லாரிகளின் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு பிளெக்ஸ். உன் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். நீ யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்து நின்ற மாதிரி இருந்தாய். படத்துக்குக் கீழே: முனைவர் கோமதி அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.

ரவி என் கையை இடித்தார். "மச்சான், பேருக்கு முன்னாடி இன்னா போட்டுகிறானுங்க பாரு."

"பார்த்தேன்."

"உசுரோட இருந்தப்ப, மேடையில குந்திகினுகிற அவரு ஒரு கையெழுத்து போட மாட்டேன்னுட்டாரு. இப்ப பிளெக்ஸ் கடைக்காரன் குட்த்துட்டான் பட்டத்த."

"விடுங்க மாப்பிள்ளை. கூட்டம் முடியட்டும்."

"நீ எப்பவும் கூட்டம் முடியட்டும்னுதான் சொல்லுவ."

உன் துறைத் தலைவர் பேச எழுந்தார். நல்ல குரல், உனக்குத் தெரியும். "கோமதி அம்மா பத்து மணின்னா பத்து மணி. ஒரு நாள் தவறினது இல்ல. அவங்க ரீடிங் எடுக்கறதப் பார்த்து நம்ம கடிகாரத்த சரிபண்ணிக்கலாம். அந்த ஒழுக்கம்தான் இந்தத் துறைக்குப் பேர் வாங்கிக் குடுத்தது" என்றார். முன்வரிசையில் தலைகள் ஆடின.

ரவி எழுந்தார். அழப் போகிறார் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ரவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் டெஸ்டரை எடுத்து, 'முனைவர்' என்ற சொல்லைச் சுற்றிக் குத்திக் கிழித்தார். பிளெக்ஸ் சீக்கிரம் கிழியவில்லை, நேரம் பிடித்தது. துறைத் தலைவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"நிறுத்தாதீங்க சார், பேசுங்க" என்றார் ரவி, நாற்காலியில் நின்றபடியே. "அவ வாங்காதது அவளுக்கு வேணாம். அவ்ளோதான்."

கிழித்த துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூடத்தில் வெட்கப்பட வேண்டியவர்கள் ரெண்டு பேர். ஒருவர் மேடையில் இருந்தார்.

ஏன் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீ பொறுத்துக்கொள். தெரிந்த கதையை மறுபடி கேட்பது உனக்குப் பிடிக்காது.

திருமழிசையில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, பிறகு தொழிற்பேட்டையில் மூட்டை தூக்கிய ஒருவருக்கு நாம் இரண்டு பேர் பிள்ளைகள். உனக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். நான் பத்திரிகைக்குப் போனேன். நீ பௌதிகம் படித்தாய். படித்து முடித்ததும் அந்தக் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. வருஷங்கள் கழித்து, அதே துறைத் தலைவரை வழிகாட்டியாகக் கொண்டு பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாய். அன்றைக்கு ஆவடி மார்க்கெட்டில் இருந்து ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தாய். பாதியை நீயே தின்றாய்.

ஆரம்பத்தில் நீ படிகம் வளர்த்தாய். உப்பைத் தண்ணீரில் இனி கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வாயைத் தாளால் மூடி, தாளில் ஊசியால் சில துளைகள். அவ்வளவுதான். ஒரு மாதம் தொடாமல் இருந்தால், அடியில் கண்ணாடி போல ஒன்று வளர்ந்திருக்கும். "தயிர் தோய்க்கிற மாதிரிதாண்ணா. அசைச்சா கெட்டுது" என்பாய். சாலையில் லாரி போகும் அதிர்வில் ஒரே படிகம் வளராமல் நூறு பொடியாக வளர்கிறது என்று கண்டுபிடித்து, அலமாரியை ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு போய்ப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தவள் நீ. பார்த்தவர்கள் பேய் பிடித்துவிட்டது என்றார்கள்.

பிறகு துறை சூரியத் தகடுகளுக்கு மாறியது. வீட்டு மாடிகளில் இருக்கும் பெரிய கறுப்புத் தகடு இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக் கண்ணாடித் துண்டு. அதன்மேல் காபி நிறத்தில் மெல்லிய படிகப் படலம். செய்வது சுலபம், நன்றாக மின்சாரம் தரும். ஆனால் ஈரம் ஆகாது. நம் ஊர்க் காற்று பட்டாலே மஞ்சளாகிச் செத்துப்போகும். அதைச் சாகாமல் மூடி வைக்க ஒரு பூச்சு செய்திருந்தார் துறைத் தலைவர். அது உண்மையிலேயே நல்ல பூச்சு என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

தகடுகள் பகல் முழுக்க மொட்டை மாடி வெயிலில் இருக்கும். ஐந்து மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டுவார்கள். பனியில் நனையக் கூடாது என்று நீ தகடுகளை எடுத்து, உள்பக்கம் கறுப்பு மை பூசிய ஒரு பிஸ்கட் டின்னில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வைத்து மூடுவாய். மறுநாள் பத்து மணிக்கு எடுத்து, ஆய்வக விளக்கின் கீழ் வைத்து, எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அளந்து எழுதுவாய். பிறகு மாடி. குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டாய். அந்தக் கவனிப்புதான் தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாதக்கணக்கில் காலை எண் இறங்கவே இல்லை. துறையே மிதந்தது.

ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஜெனரேட்டர் அலுவலகத்துக்கு மட்டும். அளக்க முடியாததால் தகடுகளை அப்படியே வெயிலில் வைத்தாய். கரண்ட் வந்து, நாலரை மணிக்கு அளந்தாய். எண் விழுந்திருந்தது. கம்பி சரியில்லை என்று நினைத்தாய். கம்பியை மாற்றினாய். மறுபடி அதே எண். மறுநாள் காலை பத்துக்கு அளந்தால் பழைய இடத்தில் நிற்கிறது, ஒன்றுமே நடக்காதது போல.

இந்த இடத்தில் நசீமா மேடம் வருகிறார். அதே கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்யும் பெண்களின் உடல் சூட்டை மணிக்கணக்கில் பதிவு செய்துகொண்டிருந்தார். ஆளுக்கொரு வெப்பமானி, ஆளுக்கொரு நோட்டு. மதிய சாப்பாட்டின்போது நீ அவரிடம் உன் எண்களைச் சொன்னாய். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாராம்: "எப்பவும் பத்து மணிக்குத்தான் எடுப்பியா?"

"ஆமாம் மேடம். கரெக்டா பத்து."

"அப்ப உனக்கு எதுவுமே தெரியாது கோமதி. மனுஷன் உடம்பு விடியறதுக்கு முன்னாடி குளிர்ந்திருக்கும், சாயந்தரம் சூடா இருக்கும். நான் காலையில மட்டும் போய்ப் பார்த்தேன்னா, ஊர்ல ஒருத்தருக்கும் காய்ச்சலே இல்லன்னு எழுதிட்டு வந்துடுவேன்."

நீ டிபன் பாக்ஸை மூடாமலே எழுந்து போய்விட்டாய் என்று இப்போதும் சொல்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டாய். காலை. சாயந்தரம். பல மாதம் எழுதினாய். காலை எண் நிமிர்ந்து நிற்க, சாயந்தர எண் மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது. வெயிலில் படிகத்துக்குள் இருக்கும் அயனிகள் இடம் பெயர்ந்து ஓரத்தில் போய்க் குவிகின்றன, இருட்டில் திரும்பி வருகின்றன என்று எனக்கு விளக்கினாய். "எல்லாம் திரும்பி வர்றதில்லண்ணா. ஆனா காலையில பார்க்கறவனுக்கு வந்துட்ட மாதிரியே இருக்கும். காலை நம்பரே விழ ஆரம்பிச்சா, தகடு முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்" என்றாய்.

எனக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. 'தூங்கி எழும் சூரியத் தகடு' என்றேன்.

"தூங்கலைண்ணா. தூங்குதுன்னு எழுதினா நாளைக்கு கனவு கண்டுச்சான்னு கேப்பாங்க."

உடம்புக்குள் இருப்பது கடிகாரம், அது இருட்டறையில் போட்டாலும் தன் பாட்டுக்கு ஓடும் என்று நசீமா சொல்லியிருந்தார். நீ அதையும் சோதித்தாய். தகடுகளை மூன்று நாள் டின்னை விட்டு எடுக்காமல் வைத்து, காலையும் மாலையும் ஒரு நொடி மட்டும் வெளிச்சம் காட்டி அளந்தாய். ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. ஆக அது கடிகாரம் இல்லை, வெளிச்சத்துக்குப் பதில் மட்டும்தான் என்று முடிவு செய்தாய். அழகான ஒரு சொல்லை, உண்மை இல்லை என்பதற்காக வேண்டாம் என்றாய். சொல்லை விற்றுப் பிழைக்கிற எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும்.

நீ நோட்டைத் துறைத் தலைவரிடம் கொண்டுபோனாய். சாயந்தரம் தகடு சூடாக இருக்கும், அதனால்தான் எண் குறைகிறது என்றார். ஏ.சி. அறையில் ஆறவைத்து அளந்தேன் சார், அப்பவும் கீழேதான் என்றாய். அது ஒப்புக்கொள்ளப்பட்ட முறை இல்லை என்றார். ஆய்வேட்டில் காலைப் பத்தி மட்டும் போதும், போட்டுக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நீ ரெண்டு பத்தியும் இருந்தால்தான் என்றாய். அவர் பேனாவை மூடினார்.

இது நடந்துகொண்டிருந்தபோதுதான் நான் உள்ளே வந்தேன்.

அந்தத் தகடுகளைப் பற்றி எனக்கு முதலில் சொன்னதே நீதான். மின்வெட்டுக்கு முன்னால், சந்தோஷத்தில் சொன்னாய். நம் பகுதிக் கல்லூரி ஒன்றில் இப்படி ஒரு காரியம் நடக்கிறது என்று எங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லி இடம் பிடித்து வைத்திருந்தேன். நான் பேட்டி எடுக்கப் போகும் வாரத்தில் நீ வீட்டுக்கு வந்தாய். உட்காரக்கூட இல்லை.

"அண்ணா, அவர்கிட்ட சாயந்தர நம்பரையும் கேளு."

கேட்டேன். அதைக்கூடச் செய்யாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. துறைத் தலைவர் சிரித்தார். "சார், உலகம் பூரா ஒரே மாதிரி அளந்தாத்தான் ஒப்பிட முடியும். ரெண்டு நேரம் அளந்தா ரெண்டு உண்மை வரும்" என்றார். நன்றாக இருந்தது, எழுதிக்கொண்டேன். அன்று மாலை செய்தியை எழுதினேன். கடைசிக்கு முந்தின பத்தியில் ஒரு வரி இருந்தது: இந்தத் தகடுகள் மாலையில் குறைவான மின்சாரம் தருவதாகவும், காலையில் மட்டும் அளப்பது சரியான படத்தைத் தராது என்றும் ஆய்வக உதவியாளர் கோமதி கூறுகிறார்.

அந்த வரியை அடித்தது ஆசிரியர் என்று உன்னிடம் சொன்னேன். இல்லை, கோமு. நான்தான் அடித்தேன்.

சொந்தத் தங்கச்சியைச் செய்தியில் மேற்கோள் காட்டக் கூடாது, அது தொழில் தர்மம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நேர்த்தியான காரணம்! செய்தியைக் கொடுத்தது தங்கச்சி என்பது அந்தத் தர்மத்துக்கு இடிக்கவில்லை. அந்தச் செய்தி சரியில்லை என்று அவள் சொன்னபோதுதான் இடித்தது. அந்த வரி இருந்தால் செய்தி உள்பக்கத்துக்குப் போகும். இல்லாவிட்டால் முதல் பக்கம். அவ்வளவுதான் விஷயம். முதல் பக்கத்தில் வந்தது.

படத்தில் துறைத் தலைவர் தகட்டைச் சூரியனுக்கு நேரே பிடித்திருந்தார். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. உன்னுடையது. உன் நீல ஓவர்கோட்டின் கை.

செய்தியை லேமினேட் செய்து துறை வாசலில் மாட்டினார்கள். தர மதிப்பீட்டுக்கு வந்த குழு அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் உன்னைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஹால் டிக்கெட்டில் முத்திரை குத்தும் வேலை. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய காலம் முடிந்து, உன் பதிவு தானாகக் காலாவதி ஆனது. நீ நோட்டைக் காட்டிப் பேசும்போதெல்லாம் அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாமே: "உங்க அண்ணனே அப்படி எழுதலையேம்மா?"

இதை நசீமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ இறந்து பதினாறாம் நாள் சொன்னார். நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் வருத்தப்படுவேன் என்றா? இல்லை, சொல்லிப் பிரயோஜனம் இல்லாத ஆள் என்றா?

என்னோடு சண்டை போடவில்லை நீ. அதுதான் இப்போது தாங்க முடியவில்லை. பொங்கலுக்கு வந்தாய், பிறந்தநாளுக்கு வந்தாய். ஒரே ஒரு தடவை, நான் யாரிடமோ போனில் பத்திரிகைத் தொழிலைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாய்: "ஏண்ணா, உங்க பேப்பர் காலையில மட்டுந்தான வருது? சாயந்தரம் வராதுல்ல?" ரவி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நீ உரித்துக்கொண்டே இருந்தாய்.

போன வருஷம் தேர்வு நேரத்தில், முத்திரைக் கட்டையைக் கையில் வைத்தபடியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாய். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரி வண்டி பூந்தமல்லியைத் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். ஆதாரம் இல்லாததை எழுதினால் உனக்குப் பிடிக்காது.

காரியம் எல்லாம் முடிந்தபின் ரவி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "எனக்கு ஒரு எழவும் புரியல மச்சான். நீதான் படிச்ச ஆளு. இத இன்னா செய்யணுமோ செய்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "செய்வல்ல?" என்றார். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம். கேட்கும்படி வைத்துவிட்டேன்.

நசீமா மேடத்தோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தேன். உன் எண்கள் கோணல்மாணலாக இல்லை. அடித்துத் திருத்திய இடத்தில் எல்லாம் ஏன் திருத்தினாய் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். ஒரு பக்கத்தில், "இன்று கை நடுங்கியது, இந்த அளவை நம்ப வேண்டாம்" என்று இருந்தது. முப்பத்து நாலு வருஷம் செய்தி எழுதியிருக்கிறேன். ஒரு நாளாவது அப்படி எழுதியிருக்கிறேனா?

இன்னொன்றும் நசீமா சொன்னார். இந்த மாதிரித் தகடுகளை வெளிச்சம், இருட்டு என்று மாற்றி மாற்றி வைத்துச் சோதிப்பதை இப்போது வெளியே பல ஆய்வகங்கள் வழக்கமாக்கிவிட்டனவாம். இருட்டில் தேறி, வெயிலில் தளர்வது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டதாம். "கோமதி சொன்னது சரின்னு ஆயிடுச்சுன்னு சந்தோஷப்படறதா, சார்? எனக்கு வயிறுதான் எரியுது" என்றார். எனக்கும் அப்படித்தான். நீ சரியாக இருந்ததற்கு உனக்குக் கிடைத்தது முத்திரைக் கட்டை. தவறாக எழுதியதற்கு எனக்கு அந்த வருஷம் அலுவலகத்தில் கைகுலுக்கல்.

பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். நான் ஓய்வு பெற்றபின் வந்த பெண் ஒருவர் இப்போது செய்திப் பக்கங்களையும் ஞாயிறு பக்கத்தையும் பார்க்கிறார். மரியாதையாக உட்காரவைத்து டீ வரவழைத்தார். என் பழைய செய்திக்குத் திருத்தம் போட வேண்டும் என்றேன்.

"எப்ப வந்த செய்தி சார்?"

சொன்னேன்.

"சார், திருத்தம்னா மறுநாள் போடுவோம். இத்தனை வருஷம் கழிச்சுப் போட்டா எதுக்குத் திருத்தம்னே யாருக்கும் புரியாதே?"

"புரியற மாதிரி எழுதித் தர்றேன்."

"தப்பு அந்தக் காலேஜோடதா, நம்மளதா?"

"என்னோடது."

அவர் டீயை நகர்த்தி வைத்தார். யோசித்துவிட்டு, "தங்கச்சி தவறிட்டாங்கன்னு சொன்னீங்கல்ல? நினைவஞ்சலியா எழுதிக் குடுங்க சார். ஞாயித்துக்கிழமை பக்கத்துல நல்லா இடம் தர்றேன். நிறைய பேர் படிப்பாங்க" என்றார்.

அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பத்திரிகையில் அழுவதற்கு இடம் இருக்கிறது, கோமு. திருத்துவதற்கு இடம் இல்லை. அதனால்தான் இது கடிதமாக வருகிறது. நீ கடிதம் எழுதும்படி என்றைக்கும் கேட்டதில்லை. ஒரு வரிதான் கேட்டாய்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன் நோட்டை நசீமாவும் நானும் படி எடுத்துவிட்டோம். தகடு செய்கிற யார் கேட்டாலும் கொடுப்பேன். கேட்காத சிலருக்கும் அனுப்புவேன். எந்தப் படியிலும் காலைப் பத்தியை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுக்க மாட்டேன். முதல் பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே, ஆய்வக உதவியாளர் என்று மட்டும் இருக்கும். துறைத் தலைவர் மறுப்பு எழுதினால் அதையும் சேர்த்தே கொடுப்பேன். ஆனால் அவருக்கு இடம் வேண்டும் என்பதற்காக உன் வரியை இனி ஒரு தடவையும் அடிக்க மாட்டேன்.

இந்தப் பக்கத்தின் பொறுப்பாளர் மன்னிக்கட்டும். அஞ்சலி இத்தோடு முடிந்தது. இனி வருவது நான் கேட்டுக் கிடைக்காதது.

திருத்தம்: வெயிலிலும் மழையிலும் திறன் குறையாத சூரியத் தகடு என்று என் பெயரில் முதல் பக்கத்தில் வந்த செய்தி தவறானது. அதில் சொல்லப்பட்டவை இரவு முழுதும் இருட்டில் வைத்து எடுத்த காலை அளவுகள் மட்டுமே. மாலை அளவுகள் தொடர்ந்து குறைந்துவந்தன. அவற்றை எடுத்தவர் கோமதி. இது செய்தியாளருக்கு அச்சுக்குப் போகும் முன்பே தெரியும்.

தெரிந்தும் எழுதாமல் விட்ட,
உன் கூடப்பிறந்த அண்ணன்